சாக்லேட், காபி, உரிச்ச உருளைக்கிழங்கு

ரெண்டு மாசமா ஒரு இங்கிலீஷ் சிறுகதைய தமிழுக்குக் கொண்டுவர உட்கார்ந்திருக்கேன். காசுக்கு இல்ல, சும்மா ஆசைக்கு. கதை சின்னதுதான், பெரிய சிக்கல் எதுவும் இல்ல, ரெண்டாவது பக்கத்துல வர்ற ஒரு வரியத் தவிர. நாயகி கதவைத் தள்ளிட்டு உள்ள வர்றா, மழையில நல்லா நனைஞ்சிருக்கா, அவளோட கேரமல் நிறத் தோள்ல இருந்து தண்ணி சொட்டுது. அவ்ளோதான் வரி. நானும் 'கேரமல் நிறத் தோள்'னு அப்படியே டைப் பண்ணிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன். ஒரு பத்து வரி தாண்டினதும் ஏதோ பல்லுல ஒட்டிக்கிட்ட மாதிரியே இருந்துச்சு, திரும்ப மேல வந்து பார்த்தேன்.

கேரமலுக்கு என்ன நிறம்?

யோசிச்சுப் பாருங்க, சட்டுனு பதில் வராது. சர்க்கரைய அடுப்புல வச்சுக் காய்ச்சினா முதல்ல கண்ணாடி மாதிரி இருக்கும், அப்புறம் வெளிர் மஞ்சள், அப்புறம் பொன்னிறம், அப்புறம் செம்பழுப்பு, போன் அடிக்குதேன்னு கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பினா கருப்பு. இந்த எழுத்தாளர் எந்த நிமிஷத்துல அடுப்ப அணைச்சாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? சாக்லேட்டும் அதே கதைதான், வெள்ளை சாக்லேட்னு ஒண்ணு வேற இருக்கு. காபிய எடுத்துக்கிட்டா பால் எவ்ளோ ஊத்துறோம்ங்கிறதப் பொறுத்து உலகத்துல முக்கால்வாசிப் பேரோட தோல் அந்த ஒரே டம்ளருக்குள்ள அடங்கிரும். ஆலிவ் இன்னும் மோசம். காய் பச்சை, பழுத்தா கருப்பு, எண்ணெயா ஆட்டினா மஞ்சள், ஆனா இங்கிலீஷ் கதையில 'ஆலிவ் நிறத் தோல்'னு வந்தா அது இந்த மூணுல எதுவுமே கிடையாது.

நிறத்தைச் சொல்லத்தான் அந்த வார்த்தை வந்துச்சு, வந்து நிறத்தத் தவிர மத்த எல்லாத்தையும் சொல்லிட்டுப் போகுது. இனிப்பா இருப்பா, வழவழன்னு இருப்பா, பார்த்தாலே நாக்கு ஊறும். அவ என்ன நிறம்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல, எழுதினவருக்கு என்ன பசின்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது.

இப்படிப் பெரிய நியாயவான் மாதிரி அவரத் திட்டிட்டு, என்னோட பழைய கதைகள் கிடக்குற ஃபோல்டரத் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது. மொத்தம் பதினாலு கதை. பொண்ணுங்கள்ல ஒருத்தி தேன் நிறம், ஒருத்தி 'பால் தூக்கலாகக் கலந்த காபி' (இத எழுதின அன்னிக்கு என்னை நானே மெச்சிக்கிட்டது இப்பவும் ஞாபகம் இருக்கு), ஒருத்தி கோதுமை, ஒருத்திக்குக் கன்னம் மட்டும் ஆப்பிள், இன்னொருத்தி நாவல்பழம். ஆம்பளைங்க? ஒருத்தன் உயரமா இருந்தான், ஒருத்தன் கண்ணாடி போட்டிருந்தான், ஒருத்தன் சிகரெட்ட அணைச்சான், ஒருத்தன் 'களைத்திருந்தான்'. நிறமே கிடையாது. ஒரே ஒரு ஆம்பளைக்கு மட்டும் போனாப் போகுதுன்னு நிறம் கொடுத்திருக்கேன், அவன் ராத்திரியில சுவரேறிக் குதிக்கிற திருடன், அவன் தார் நிறம். அத மட்டும் யாராலயும் சாப்பிட முடியாது.

இதுக்கு மேல அந்த இங்கிலீஷ்காரரத் திட்ட எனக்கு வாய் வரல.

இந்தப் பட்டியல ஒரு தோழிக்கு அனுப்பினேன். காலேஜ்ல இருந்தே பழக்கம். நல்ல கருப்பு. நாங்க எல்லாரும் அவள 'சாக்கோ'ன்னுதான் கூப்பிடுவோம், இருபது வருஷமா அப்படித்தான், போன்லயும் அந்தப் பேர்லதான் சேவ் பண்ணி வச்சிருக்கேன். பேர் வச்சவன் நான் இல்ல, ஆனா வேற பேர் சொல்லி ஒரு நாள் கூடக் கூப்பிட்டதும் இல்ல. திடீர்னு ஞானம் வந்தவன் மாதிரி, உனக்கு அந்தப் பேர் கஷ்டமா இருந்துச்சான்னு கேட்டேன். நான் மன்னிப்புக் கேக்க ரெடியா நிக்கிறேன்னு அவ மோப்பம் பிடிச்சிருக்கணும்.

"இல்லடா, பிடிச்சுதான் இருந்துச்சு. ஸ்கூல்ல எனக்கு என்ன பேர் தெரியுமா? கரிச்சட்டி. கரிச்சட்டியில இருந்து சாக்லேட்டுக்கு வந்தா பிரமோஷன்தானே"ன்னு அனுப்பினா.

இதுக்குச் சிரிக்கலாமா கூடாதான்னு நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துச்சு. "ஆனா ஒண்ணு கவனிச்சியா? நம்ம செட்டுல பத்துப் பேரு. எப்பவும் லேட்டா வருவான்னு ஒருத்தனுக்கு பாசஞ்சர்னு பேரு. வாய் மூட மாட்டான்னு ஒருத்திக்கு ரேடியோ. உனக்குக் குட்டிச்சுவரு, எங்க போனாலும் எதுலயாச்சும் சாஞ்சேதான் நிப்ப. எல்லாருக்கும் அவங்கவங்க பண்ண ஏதோ ஒண்ணுக்காகப் பேரு. நான் ஒண்ணுமே பண்ணல, சும்மா வந்து உட்கார்ந்தேன், எனக்குப் பேர் கிடைச்சிருச்சு."

இதுக்கு என்ன பதில் போடுறது. கட்டைவிரல் தூக்குற பொம்மைய அனுப்பினேன். கேவலமா இருந்துச்சு.

அந்த கரிச்சட்டியும் சாக்லேட்டும் மட்டும் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டுமே அடுப்படிச் சமாச்சாரம். கருப்பா இருக்குறவங்களத் திட்டணும்னா பாத்திரத்தோட அடிப்பக்கம், கொஞ்சணும்னா பாத்திரத்துக்குள்ள இருக்குற பண்டம். திட்டுறதுக்கும் கொஞ்சுறதுக்கும் நடுவுல ஒரு சட்டியோட கனம்தான் தூரம். கொஞ்சுற வார்த்தையக் கேட்டு ஒருத்தர் சந்தோஷப்படுறாங்கன்னா அது அந்த வார்த்தையோட பெருமைன்னு நான் இத்தனை நாளா நினைச்சிட்டு இருந்தேன், அதுக்கு முன்னாடி அவங்க காதுல விழுந்தது என்னன்னு கேட்டதே இல்ல.

பண்டத்துலயும் எல்லாம் வராது பாருங்க. பழுப்பு நிறத்துல எவ்வளவோ சாப்பாடு இருக்கு. ஈரல் இருக்கு, புளி இருக்கு, பேரீச்சம்பழம் இருக்கு, வறுத்த கத்திரிக்காய் இருக்கு, கருவாடு இருக்கு. 'அவள் புளி நிறத்தில் இருந்தாள்'னு எவனாச்சும் காதல் கதையில எழுதுவானா? சாக்லேட், காபி, கேரமல், தேன், இலவங்கப்பட்டை, பாதாம்னு இனிப்பும் வாசனையும் இருக்குற ஐட்டங்கதான் திரும்பத் திரும்ப வரும். நிறத்துக்குப் பொருத்தம் பார்த்துத் தேடியிருந்தா சில நேரமாச்சும் கருவாடு மாட்டியிருக்கும்ல?

நம்ம பேச்சு வழக்குல இன்னொரு கூத்து இருக்கு. 'கலர்'னு சொன்னாலே வெளுப்புன்னு அர்த்தம். 'நல்ல கலர்', 'கலரா இருப்பா', 'கலர் கம்மி'. கருப்பா இருந்தா கலர் கம்மியாம்! உண்மையில தோலுக்கு நிறம் கொடுக்குறது மெலனின், அத உற்பத்தி பண்ற செல்கள் எண்ணிக்கை உலகத்துல எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஒவ்வொரு செல்லும் எவ்வளவு மெலனின் செய்யுது, அது எந்த அளவு உருண்டைகளா எப்படிப் பரவி நிக்குதுங்கிறதுலதான் வித்தியாசம். கருப்பா இருக்குறவங்ககிட்டதான் கலர் ஜாஸ்தி. நாம தலைகீழாச் சொல்லிட்டுத் திரியிறோம். அதே மாதிரி 'சிவப்பு'. செவப்பா இருக்கான்னு சொன்னா அவன் சிவப்பாவா இருக்கான்? அது வெளுப்புக்கு நாம வச்ச பேரு. கருப்புக்கு மட்டும்தான் நம்ம பேச்சுல நேரடியான வார்த்தை இருக்கு, அத உச்சரிக்கத்தான் எல்லாருக்கும் கூச்சம், அதனாலதான் சுத்தி வளைச்சு அடுப்படிக்குப் போறோம்.

கோதுமை எங்க இருந்து வந்துச்சுன்னு ரொம்ப நாளா யோசனை. சோத்துல வளர்ந்த மொழி நம்ம மொழி, நெல்லுக்கும் அரிசிக்கும் எத்தனை பேர் வச்சிருக்கோம், ஆனா ஆளோட நிறம்னு வந்தா கோதுமை. கொஞ்சம் தேடினா இது நம்ம சரக்கே இல்லன்னு தெரியுது. பாரசீகத்துல கோதுமைக்கு 'கந்தும்', அதுல இருந்து 'கந்துமி'ங்கிற நிறம் உருதுக்கும் வந்துச்சு. இந்தியில 'கேஹுவா'. அரபியில 'கம்ஹி'. ஸ்பானிஷ்ல 'த்ரிகேன்யோ', போர்ச்சுகீஸ்ல 'த்ரிகேய்ரோ', ரெண்டுமே அவங்க கோதுமையில இருந்து வந்த சொல்லுதான். ரொட்டி சுடுற பக்கம் எல்லாம் இந்த வார்த்தை முளைச்சிருக்கு. நம்மகிட்ட அனேகமா இந்திய இங்கிலீஷோட 'வீட்டிஷ்' மேல ஏறித்தான் வந்து இறங்கியிருக்கணும்.

இத்தனை மொழியில இருக்கே, அப்ப கோதுமைக்காவது ஒரு நிலையான நிறம் இருக்கும்னு பார்த்தா அதுவும் இல்ல. போர்ட்டோ ரிக்கோவுல கருப்பா இருக்குறவங்கள 'கருப்பு'ன்னு சொல்லக் கூச்சப்பட்டு 'த்ரிகேன்யோ'ன்னு மரியாதையாச் சொல்ற வழக்கம் உண்டு. நம்ம பக்கம் கொஞ்சம் வெளுப்பா இருந்தாலும் கோதுமை, நடுவாந்தரமா இருந்தாலும் கோதுமை, கருப்பா இருந்து கல்யாணம் பேச வேண்டியிருந்தாலும் கோதுமை. நிறம்ங்கிற கட்டத்த நிரப்பணும், ஆனா பதில் சொல்லிரக் கூடாது, அந்த இடத்துக்கு அளவெடுத்துத் தச்ச வார்த்தை.

சரி, வெள்ளையா இருக்குறவங்களுக்குச் சாப்பாடே கிடையாதான்னு நீங்க கேக்கலாம். இருக்கு. பாலு, கிரீமு, பீச் பழம், ஸ்ட்ராபெரி எல்லாம் இருக்கு. அதனால 'கருப்பா இருக்குறவங்கள மட்டும்தான் உணவாக்குறாங்க'ன்னு ஒரே போடாப் போட என்னால முடியாது. ஆனா அங்க அது ஒரு உபரி அலங்காரம், கன்னம் அழகா இருக்குன்னு சொல்ல வர்ற இடத்துல எட்டிப் பார்க்கும், அவ்ளோதான். பால் நிறம்னு சொல்லலேன்னாலும் அந்த ஆளு கதைக்குள்ள நிம்மதியா நடமாடலாம், படிக்கிறவங்க அவங்களா வெள்ளைன்னு எடுத்துக்குவாங்க. மத்தவங்களுக்குத்தான் வாசல்லயே நிறுத்தி மெனு கார்ட நீட்டணும்.

ஒரு தமாஷ் சொல்றேன். அமெரிக்காவுல கிரேயோலா கலர் குச்சியில ஒரு வெளிர் ஆரஞ்சு நிறத்துக்கு 'சதை'ன்னு பேர் இருந்துச்சு. யாரோட சதை? 1962ல அந்தப் பேர எடுத்துட்டாங்க. எடுத்துட்டு என்ன வச்சாங்க தெரியுமா, 'பீச்'. பழம்! எல்லார் சதையும் இந்த நிறம் இல்லைன்னு ஒத்துக்கிட்டு, தப்பிச்சு ஓடி ஒளிஞ்ச இடம் பழக்கடை. நான் இத முதல்ல கேலியாதான் பார்த்தேன், அப்புறம் யோசிச்சா அது ரொம்ப சரியான மாத்தம்தான். குச்சியக் குச்சின்னு விட்டுட்டாங்க, இனி அது யாரோட உடம்பும் இல்ல. சாப்பாட்டுப் பேர் மனுஷன விட்டுட்டுக் குச்சி மேல போய் உட்கார்ந்தா யாருக்கும் வலிக்காது.

சாக்லேட், காபி, சர்க்கரைங்கிற இந்த மூணும் சாதாரணப் பண்டம் இல்லங்கிறத நான் லேட்டாத்தான் யோசிச்சேன். ஒருத்தர் தோலுக்கு இந்தப் பேர வைக்கிறப்போ, அந்தப் பொருள விளைய வச்சது யாரோட தோல்ங்கிற கேள்வி பின்னாலயே வருது. பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில ஃபிரான்ஸ் கையில இருந்த சான் டொமிங்குன்னு ஒரு காலனி, இன்னிக்கு ஹைட்டி, அந்தக் குட்டி நிலம் மட்டும் உலகச் சந்தைக்குப் போன காபியில ஏறக்குறைய பாதியக் கொடுத்துச்சு, சர்க்கரையும் கப்பல் கப்பலாப் போச்சு. எல்லாம் ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைகளோட வேலை. 1791ல அவங்க எழுந்து சண்டை போட்டு 1804ல தனி நாடாவே ஆனாங்க. கோகோ கதை இன்னும் கிட்டத்துல நடந்தது. அப்போ போர்ச்சுகல் கையில இருந்த சாவோ டோமேன்னு ஒரு ஆப்பிரிக்கத் தீவுல அங்கோலா ஆளுங்கள அடிமை மாதிரி வச்சு வேலை வாங்குறாங்கன்னு பல வருஷம் புகார் வந்து, 1909லதான் பிரிட்டிஷ் சாக்லேட் கம்பெனிக்காரங்க அந்தத் தீவுக் கோகோவ வாங்குறத நிறுத்தினாங்க. இன்னிக்கும் உலகக் கோகோவுல ஏறக்குறைய பாதிய ஐவரி கோஸ்ட்டும் கானாவும்தான் தருது.

நம்ம காலேஜ் செட்டுல சாக்கோன்னு கூப்பிட்டப்போ யார் மனசுலயும் அங்கோலா இல்ல, வாஸ்தவம். அத வச்சு யாரையும் குற்றவாளிக் கூண்டுல ஏத்தவும் எனக்கு ஆசை இல்ல. ஆனா இதுக்குத் தலைகீழா நடந்ததையும் பாருங்க. நெதர்லாந்துல சாக்லேட் பூசின ஒரு மிட்டாய்க்குப் பல வருஷமா 'நீக்ரோ முத்தம்'ங்கிற அர்த்தத்துல பேரு, 2006ல அத வெறும் 'முத்தங்கள்'னு மாத்தினாங்க. ஆஸ்திரேலியாவுல 'ரெட் ஸ்கின்ஸ்', 'சிக்கோஸ்'னு ரெண்டு மிட்டாய், ரெட் ஸ்கின்ங்கிறது அமெரிக்கப் பழங்குடி ஆளுங்கள இழிவாச் சொல்ற வார்த்தை, சிக்கோஸ்ங்கிறது சாக்லேட் ருசியில குழந்தை உருவத்துல செஞ்ச ஜெல்லி, 2020ல ரெண்டுக்கும் பேர மாத்துறதா அறிவிச்சாங்க. மனுஷனுக்கு மிட்டாய் பேரு, மிட்டாய்க்கு மனுஷன் பேரு. கதவு ரெண்டு பக்கமும் திறக்குது. மிட்டாய்க்கு மனுஷன் பேர் வச்சது தப்புன்னு லேட்டானாலும் ஒத்துக்கிட்டாங்க, இந்தப் பக்கம் கதவு மட்டும் இன்னும் பாராட்டுங்கிற பேர்ல திறந்தே கிடக்கு.

இவ்வளவு தூரம் வந்ததும் 'இனிமே சாப்பாட்டு வார்த்தையே வேணாம், தடை'ன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அது ரெண்டு நாள் கூடத் தாங்கல.

பிரேசில் குறுக்க வந்துச்சு. 1976ல அங்க அரசாங்கம் வீடு வீடா ஒரு சர்வே எடுத்தப்போ, உங்க நிறம் என்னன்னு கட்டம் கொடுக்காம, நீங்களே சொல்லுங்கன்னு விட்டுட்டாங்க. ஜனங்க 130க்கும் மேல பதில் சொல்லியிருக்காங்க. காபி, பால் கலந்த காபி, இலவங்கப்பட்டை, கோதுமை, ஜாம்போ (இது நம்ம நாவல்மரத்துக்குப் பங்காளி முறை ஆகுற ஒரு பழம், என் கதையில வந்த நாவல்பழத்துக்கு அங்க ஒரு சொந்தம்). அது தவிர வெயில்ல வெந்தது, வெள்ளைப் பக்கம் சாயுறதுன்னும் சொல்லியிருக்காங்க. 'வெள்ளைப் பக்கம் சாயுறது' என்னைக் கொஞ்ச நேரம் அசைய விடல, எவ்வளவு ஆசை, எவ்வளவு நேர்மை. இன்னிக்கு அங்க சென்சஸ்ல அஞ்சே கட்டம்தான்.

அதே பிரேசில்ல இருந்து ஆஞ்செலிகா தாஸ்னு ஒரு போட்டோகிராபர், 2012ல இருந்து உலகம் முழுக்க ஆளுங்களப் போட்டோ எடுத்து, மூக்குல இருந்து ஒரு சின்னத் துண்டு நிறத்த எடுத்து, அச்சு வேலையில பயன்படுற பான்டோன் நிற அட்டையில எந்த எண்ணோ அந்த எண்ண போட்டோவுக்குக் கீழ போடுறாங்க, பின்னாடி பின்னணியும் அதே நிறம். கருப்பு, வெள்ளைன்னு சொல்ற நிறத்துல ஒருத்தரும் இல்லைன்னு அதப் பார்த்தாலே புரிஞ்சிரும். ஆனா தன்னோட குடும்பத்தப் பத்திப் பேசும்போது அந்தம்மா என்ன சொல்றாங்க? அப்பா அடர் சாக்லேட், அம்மா இலவங்கப்பட்டை, தாத்தா வெனிலாவுக்கும் ஸ்ட்ராபெரி தயிருக்கும் நடுவுலன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. என்னோட தடை அங்கயே செத்துப் போச்சு. வெள்ளைத் தாத்தாவும் தட்டுல இருக்காரு, கருப்பு அப்பாவும் தட்டுல இருக்காரு, பரிமாறுறது அந்த வீட்டுப் பொண்ணு. என் கதையில பொண்ணுங்க மட்டும் தட்டுல, நான் ஸ்பூனோட உட்கார்ந்திருக்கேன். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?

அப்ப எண்ணே போட்டுரலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு. மேக்கப் சாமான்லயும் கொஞ்ச காலமா எண் வருது, முன்னெல்லாம் வெளுப்பு ஷேடுக்கு தந்தம், பீங்கான், மணல்னு பேரு, கருப்புப் பக்கம் போகப் போக மோக்கா, டாஃபி, எஸ்பிரெஸ்ஸோ. ஒரு பக்கம் கண்ணாடி அலமாரி, ஒரு பக்கம் கேன்டீன். 2017ல ஃபென்டி பியூட்டி 40 ஷேடு விட்டப்போ எல்லாத்துக்கும் எண்தான். எண் நியாயமாதான் தெரியுது. ஆனா எண்ணுக்கும் ஒரு கண்ணு இருக்கு, யார் பார்த்து எண்ணினாங்கங்கிறது அதுலயும் ஒட்டிக்கும். லூஷான்னு ஒரு ஆஸ்திரிய மானுடவியல்காரர் 36 கண்ணாடி வில்லைகள வச்சுக்கிட்டு ஆள் ஆளாத் தோல் பக்கத்துல பிடிச்சுப் பார்த்தாரு, ஒரே ஆளுக்கு ரெண்டு பேர் பார்த்தா ரெண்டு வில்லை வரும். டாக்டர்கள் இன்னிக்கும் சொல்ற ஃபிட்ஸ்பேட்ரிக் வகைப்பாடு 1975ல வந்தது, புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு எவ்வளவு டோஸ்னு முடிவு பண்றதுக்காக, வெயில்ல தோல் எரியுமா கருக்குமான்னு கேட்டுப் பிரிச்சது. முதல்ல அது வெள்ளைத் தோலுக்குள்ளயே போட்ட பிரிவு, பழுப்புக்கும் கருப்புக்கும் அஞ்சாவதும் ஆறாவதும் அப்புறமாதான் சேர்ந்துச்சு. 2022ல எல்லிஸ் மங்க்ங்கிற சமூகவியல் பேராசிரியர் கூகுளோட சேர்ந்து 10 நிற அளவு ஒண்ணு விட்டாரு, கேமராவும் கம்ப்யூட்டரும் கருப்பா இருக்குற முகத்த ஒழுங்காப் பார்க்கணும்னு. இதெல்லாம் அந்தந்த வேலைக்குச் சரி. கதையில 'மழையில் நனைந்த அவளது ஐந்தாம் வகைத் தோளில்'னு எழுத முடியுமா, போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கும்.

இந்தக் குழப்பத்துல இருந்தப்போதான் குறுந்தொகையில 27வது பாட்டு ஞாபகம் வந்துச்சு, வெள்ளிவீதியார் பாடினது. ஸ்கூல்ல மார்க்குக்காகப் படிச்ச பாட்டு, இந்தக் கண்ணோட படிச்சதே இல்ல. பொண்ணு சொல்றா, கன்னுக்குட்டியும் குடிக்காம, கறக்குற பாத்திரத்துலயும் விழாம, நல்ல பசுவோட இனிப்பான பால் மண்ணுல கொட்டிப் போன மாதிரி, எனக்கும் ஆகாம என் ஆளுக்கும் உதவாம, என்னோட மாமை அழகப் பசலை (பிரிவு ஏக்கத்துல தோல் வெளுத்துப் போறது) தின்னுரப் பார்க்குது. மாமைன்னா என்ன? 'மா'ன்னா பழைய தமிழ்ல கருமை, மாயோன்ல வர்ற அதே மா, உரைகாரங்க மாந்தளிர் நிறம்பாங்க, இன்னிக்கு நாம பட்டும் படாம சொல்ற 'மாநிறம்' வரைக்கும் வந்து நிக்கிற சொல்லு. அந்தக் கருத்த பளபளப்புதான் அவளுக்கு அழகு, வெளுத்துப் போறதுதான் நோய்.

அவ தன் கருத்த அழகப் பாலோட ஒப்பிடுறா! நிறம் கொஞ்சம் கூடப் பொருந்தல, யாருக்கும் அது உறுத்தவும் இல்ல, ஏன்னா அவ சொல்ல வந்தது வீணாப் போறத. பாலும் குடிக்கத்தான், அழகும் ஒருத்தன் துய்க்கத்தான், 'உண்ணுதல்' அந்தப் பாட்டுல வெளிப்படையாவே இருக்கு, கன்னுக்குட்டி உண்ணல, பசலை உண்ணுது. பசியப் பத்தின பாட்டுதான் அது. ஆனா வாய் அவளோடது. என் தோல் இருக்கே, அது இப்படி வீணாப் போகுதேன்னு அவளே சொல்றா, பக்கத்துல நின்னுக்கிட்டு எவனும் ருசி பார்த்துச் சொல்லல. இத்தனை வருஷம் முன்னாடி ஒருத்தங்க இவ்வளவு லேசாச் செஞ்சுட்டுப் போயிருக்காங்க, நான் 'பால் தூக்கலாகக் கலந்த காபி'ன்னு எழுதிட்டு என்னையே மெச்சிக்கிட்டு இருந்திருக்கேன்.

மொழிபெயர்ப்புல கேரமல அப்படியே விட்டுட்டேன். அது அவரு எழுதினது, அவர் பசி, அத மறைச்சு 'மாநிறம்'னு போட்டு அவர நல்லவராக்குறது என் வேலை இல்ல. என் சொந்தக் கதைகள்ல மட்டும் கை வச்சேன். பழசுல ஒண்ண எடுத்து, அந்தக் காபிப் பொண்ணுகிட்ட இருந்து காபிய எடுத்தேன். எடுத்த இடத்துல என்ன போடுறதுன்னு தெரியாம, அவ மாடியில துணி எடுக்கப் போய் வெயில்ல கண்ணச் சுருக்குறத எழுதினேன், நெத்தியில வேர்வை, கழுத்துல செயின் இருந்த இடம் மட்டும் வேற நிறமாத் தெரியுது, அதுலயே அவ நிறம் எனக்குத் தெரிஞ்சுது. படிக்கிறவங்களுக்கும் தெரியலாம், தெரியாமயும் போகலாம்.

அப்புறம் நாயகன். பதினாலு கதையிலயும் தப்பிச்சவன். இவனுக்கு ஒரு சாப்பாடு தேடணும்னு வெறியே வந்துருச்சு. தேடும்போதுதான் ஒரு விஷயம் மாட்டுச்சு, வேக வைக்காத உருளைக்கிழங்க உரிச்சு வச்சாக் கொஞ்ச நேரத்துல பழுப்பாகுதே, காளானும் அப்படி ஆகுதே, அதுக்குக் காரணமான டைரோசினேஸ் வகை நொதியும் நம்ம தோல்ல மெலனின் உண்டாக்குற நொதியும் ஒரே குடும்பம். காபி வறுபடுறதுக்கும் சர்க்கரை கருகுறதுக்கும் மனுஷத் தோலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அதெல்லாம் வெறும் சூடு. மனுஷன் நிறத்துக்கு உண்மையான சொந்தக்காரன் சாப்பாட்டுல ஒருத்தன் இருக்கான்னா அது உரிச்ச உருளைக்கிழங்குதான், அத எவனும் இதுவரைக்கும் கவிதையில சேர்த்துக்கல! எழுதினேன். 'உரித்து வைத்துக் கொஞ்ச நேரமான உருளைக்கிழங்கின் நிறத்தில் இருந்தான்.' வெளுப்பா, லேசாப் பழுப்பு ஏறின ஆளு. நிறத்தப் பொறுத்தவரை நான் எழுதினதுலயே துல்லியமான வரி அதுதான்.

நாலு பேருக்குப் படிக்க அனுப்பினேன். பொண்ணு நிறம் எங்கன்னு ஒருத்தர் கூடக் கேக்கல. மூணு பேர் நாயகன் கிட்டயே நின்னுட்டாங்க. ஒருத்தர் அவனுக்குக் காமாலையான்னு கேட்டாரு. இன்னொருத்தர், இவன் பின்னாடி செத்துருவானோன்னு கடைசி வரைக்கும் பயந்துக்கிட்டே படிச்சாராம், ஆம்பளை நிறத்தப் போய் இவ்ளோ மெனக்கெட்டுச் சொல்றீங்களே, ஏதோ காரணம் இருக்கணும்ல. மூணாவது ஆளு அந்த வரி மட்டும் கொஞ்சம் அசிங்கமா இருக்கு, எடுத்துருங்கன்னாரு. நாலாவது என் தோழி. "பரவால்லையே, ஒரு ஆம்பளையையும் அடுப்புல ஏத்திட்ட"ன்னு மட்டும் அனுப்பினா.

அந்த வரிய எடுக்கல.

அன்னிக்கு ராத்திரி போன்ல 'சாக்கோ'ன்னு இருந்தத அவளோட சொந்தப் பேருக்கு மாத்தி வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு அவ கூப்பிட்டா. ஸ்கிரீன்ல அந்தப் பேரப் பார்த்துட்டு, யாருடா இதுன்னு மூணு ரிங் போற வரைக்கும் எடுக்காம உட்கார்ந்திருந்தேன்.